கையில் தவாவோடு ஆலயத்துக்கு ஓடும் ஊர்: ஓல்னியில் லெந்துக்கு முந்தின நாள்

ஊஸ்கரை
11 ஜனவரி 2026, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் இங்கே வேறொரு இழையில் ஒருவர், "இங்கிலாந்தில் கிறிஸ்தவம் முடிந்த கதை, ஆலயங்களெல்லாம் காபிக் கடையாகவும் வீடாகவும் மாறிவிட்டன" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. புள்ளிவிவரத்தை வைத்து வாதாட எனக்குத் தெரியாது. நான் குடியிருக்கும் ஊரில் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் பேசுங்கள்.

ஊர் பெயர் ஓல்னி. பக்கிங்ஹாம்ஷயரின் வடக்கு ஓரம், கிரேட் ஊஸ் ஆற்றங்கரை. வேலை மில்டன் கீன்ஸில், வீடு ஓல்னியில் என்று நாங்கள் வந்து நான்கு வருடம் ஆகிறது. நீளமான ஒரு கடைத்தெரு, அதை ஒட்டிச் சந்தைத் திடல், அதையும் தாண்டி ஆற்றுப் பக்கம் போனால் பேதுரு பவுல் ஆலயம். அக்கரையில் புல்வெளியில் நின்றாலும் கோபுரம் தெரியும். நான் முதன்முதலில் ஆராதனைக்குப் போன ஞாயிறு நரைத்த தலைகள்தான் அதிகம். ஆலயம் நிரம்பி வெளியே பந்தல் போட்டு உட்காரும் ஊரிலிருந்து வந்தவள் நான். அன்றைக்கு எனக்கும் "முடிந்த கதை" என்றுதான் தோன்றியது.

லெந்து, அதாவது தவக்காலம், தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாயை இங்கே ஷ்ரோவ் செவ்வாய் என்பார்கள். அன்று ஊர்ப் பெண்கள் கையில் தவா, தவாவில் ஒரு பான்கேக் என்று சந்தைத் திடலிலிருந்து ஆலயம் வரை ஓடுவார்கள். தூரம் 415 கெஜம், ஏறக்குறைய 380 மீட்டர். பாவாடை, ஏப்ரன், தலையில் ஸ்கார்ஃப் கட்டாயம். மணி 11.55க்கு ஓட்டம். கிளம்பும்போது ஒரு தடவை பான்கேக்கைத் தூக்கிப் போட்டுப் பிடிக்க வேண்டும், முடிக்கும்போது இன்னொரு தடவை. முதலில் வந்து சேருகிறவருக்கு ஆலயப் பணியாளர், நம்ம ஊர் கோயில்பிள்ளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், "கர்த்தருடைய சமாதானம் எப்போதும் உங்களோடிருப்பதாக" என்று சொல்லிக் கன்னத்தில் சமாதான முத்தம் கொடுப்பார்.

டிவிக்காரர்கள் காட்டுவது இதுவரைக்கும்தான். இதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லத்தான் இந்த இழையே.

ஓடினவர்கள் அப்படியே ஆலயத்துக்குள் போகிறார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் பின்னாலேயே வருகிறது. அங்கே பாவமன்னிப்பு ஆராதனை நடக்கிறது. பரிசு கொடுப்பதும் அந்த ஆராதனைக்குள்தான்.

போன வருடம் மார்ச் 4ஆம் தேதி நானும் ஓடினேன். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது, "நீ இந்த ஊர்க்காரிதானே, ஏன் ஓடமாட்டேன் என்கிறாய்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விதியைப் பார்த்தால், 18 வயது நிறைந்த பெண்ணாக இருக்க வேண்டும், மூன்று மாதமாவது ஓல்னியில் குடியிருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறந்த இடமோ நிறமோ யாரும் கேட்கவில்லை. விசா அலுவலகத்தில் எத்தனை வருடத்துக்கு எத்தனை காகிதம் கொடுத்தோம்! இங்கே மூன்று மாதம் போதும் என்கிறார்கள்.

பான்கேக் ஆறிப்போய் ரப்பர் மாதிரி இருந்தது. நல்லவேளை, இல்லாவிட்டால் முதல் வீச்சிலேயே பிய்ந்திருக்கும். தெருவின் இரண்டு பக்கமும் சத்தம். ஆலயத்துக்குப் போகும் தெருவில் திரும்பும்போது மூச்சு முட்டியது. உள்ளே போய் உட்கார்ந்தபோது வியர்வையில் ஸ்கார்ஃப் நெற்றியோடு ஒட்டியிருந்தது. தவாவைக் காலடியில் வைத்தேன். பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து சொல்லத் தொடங்கினபோது எனக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்று சொன்னேன். சின்ன வயசிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை சொன்ன ஜெபம்! அன்றைக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வாயிலிருந்து வந்தது.

இதை வெறும் விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கிறது. வேறு ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் ஊர் வழக்கங்களையும் எழுதுங்கள்.

---

பாளைப்பொண்ணு
11 ஜனவரி 2026, இரவு 10.03

அக்கா, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் இந்தப் பக்கம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஒருத்தரையும் தெரியாது. ஷ்ரோவ் என்றால் என்ன? பான்கேக்குக்கும் லெந்துக்கும் என்ன சம்பந்தம்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

---

மாதாகோயில்மணி
12 ஜனவரி 2026, காலை 7.40

தங்கச்சி, இதற்கு நான் பதில் சொல்கிறேன், நாங்கள் கத்தோலிக்கர்கள் ஒப்புரவு என்று சொல்வதுதான் இது. பழைய ஆங்கிலத்தில் பாவ அறிக்கையைக் கேட்டு மன்னிப்புக் கொடுப்பதற்கு ஷ்ரைவ் என்ற வினைச்சொல் இருந்தது. ஷ்ரோவ் அதிலிருந்து வந்தது. தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் சாமியாரிடம் போய் மனசைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஜனங்களைக் கூப்பிட ஆலயத்தில் மணி அடிப்பார்கள். அந்த மணிக்கே பிற்காலத்தில் பான்கேக் மணி என்று பேர் வந்துவிட்டது.

அந்தக் காலத்து நோன்பில் இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய்கூட விலக்கு. நாற்பது நாள் வைத்திருந்தால் கெட்டுப்போகும். வீட்டில் இருக்கிற முட்டை, பால், வெண்ணெயை ஒரே நாளில் தீர்க்கச் சுலபமான வழி, மாவைக் கரைத்து ஊற்றுவதுதான். சாமான் அலமாரியும் காலி, மனசும் காலி, அடுத்த நாள் நெற்றியில் சாம்பல்.

அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது தெரியுமா? போன வருடக் குருத்தோலையை எரித்துத்தான் எடுக்கிறார்கள். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் தென்னங்குருத்து. இங்கே காய்ந்த ஓலையில் மடித்த சின்னச் சிலுவை ஒன்று ஆளுக்குக் கொடுப்பார்கள். ஆங்கிலிக்கன் ஆலயமோ எங்கள் ஆலயமோ, இதில் இரண்டு பேரும் ஒன்றுதான். ஓசன்னா பாடிப் பிடித்த ஓலை அடுத்த வருடம் நெற்றியில் கரியாக வருகிறது.

---

ஜெபவீரன்
12 ஜனவரி 2026, மாலை 6.25

ஸ்தோத்திரம் சகோதரி. உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் என் மனதில் இருப்பதைச் சொல்லாமல் போனால் நான் உண்மையாக இருக்க மாட்டேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருடம். கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனைக்கு ஆலயம் நிரம்பும், ஜனவரியில் காலி. ஈஸ்டருக்கு முட்டைச் சாக்லேட் வாங்காத வீடு இல்லை, பெரிய வெள்ளியன்று மூன்று மணிக்கு முழங்கால் போடும் வீடு எத்தனை? பான்கேக் ஓட்டத்துக்கு வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் மறுநாள் சாம்பல் புதனுக்கு வருகிறார்கள்? "உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழியுங்கள்" என்று யோவேல் தீர்க்கதரிசி சொன்னார். பாரம்பரியம் என்பது மணியைப் போல இருக்க வேண்டும், கூப்பிட்டுவிட்டு அடங்க வேண்டும். இங்கே மணிச் சத்தத்தையே ஆராதனை என்று எடுத்துக்கொள்கிறார்களோ என்று எனக்குப் பயம். யாரையும் புண்படுத்த எழுதவில்லை.

---

மாதாகோயில்மணி
12 ஜனவரி 2026, இரவு 8.10

தம்பி, நீங்கள் சொன்ன யோவேல் வாசகத்தைச் சாம்பல் புதன் ஆராதனையில் வாசிக்கிறார்கள். எங்கள் பூசையிலும் அதுதான் முதல் வாசகம், ஆங்கிலிக்கன் ஆலயத்திலும் பெரும்பாலும் அந்த அதிகாரம்தான். இந்த ஆண்டு பிப்ரவரி 18 அன்று எங்கள் பூசைக்கு வந்தால் உங்கள் காதில் விழும்.

---

பழையஏடு
13 ஜனவரி 2026, இரவு 11.31

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். ஓல்னி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓட்டம். ஊரில் 1445 என்று சொல்லி வருகிறார்கள். ஒரு பெண் அடுப்படியில் இருக்கும்போது ஆலய மணி அடித்துவிட்டது, நேரமாகிவிட்டதே என்று தவாவும் ஏப்ரனுமாக ஓடிவிட்டாள் என்பது கதை. இது வாய்வழி வந்த கதை, அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவில் பல தடவை நின்றும் போயிருக்கிறது. இரண்டாம் உலகப் போரோடு நின்றதை 1948இல் மறுபடி தொடங்கினவர் அன்றைய விகார் ரொனால்ட் காலின்ஸ். பழைய ஓட்டங்களின் படங்கள் அவர் கையில் கிடைத்ததுதான் காரணம். போர் முடிந்து மூன்று வருடம், அப்போதும் ரேஷன் அமலில் இருந்த நாடு அது. முட்டையும் வெண்ணெயும் அளந்து வாங்கின காலத்தில், ஜனங்களைத் தெருவுக்கும் அங்கிருந்து ஆலயத்துக்கும் கொண்டுவந்தார் ஒரு போதகர். ஜெபவீரன் அண்ணன் கேட்ட கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓட்டம் தானாக ஆலயத்துக்குள் வந்து முடியவில்லை. யாரோ ஒருவர் அக்கறையாக அந்தக் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போட்டிருக்கிறார்.

1950இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள லிபரல் என்ற ஊர்க்காரர்கள் இந்த ஓட்டத்தின் படங்களைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, நாங்களும் போட்டிக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து இரண்டு ஊரும் ஒரே நாளில் அதே தூரம் ஓடி, நேரத்தை ஒப்பிட்டுப் பார்க்கின்றன.

இனி ஜான் நியூட்டன், 'அமேசிங் கிரேஸ்' என்ற பாட்டை எழுதினவர். இவர் ஓல்னியில் உதவிப் போதகராக இருந்தது 1764 முதல் 1780 வரை. அதற்கு முன்னால் அவர் அடிமைக் கப்பலின் கேப்டன். 1748 மார்ச்சில் புயலில் கப்பல் முழுகப் போகும்போது கடவுளைக் கூப்பிட்டார், மனம் திரும்பினார் என்று நம்ம பிரசங்கங்களில் சொல்லுவார்கள். அதோடு கதையை முடித்துவிடுவார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. அந்தப் புயலுக்குப் பிறகும் அவர் அடிமைக் கப்பல் ஓட்டினார், 1754 வரைக்கும். சொந்த ஜெபக் குறிப்பு எழுதிக்கொண்டே, கீழ்த்தளத்தில் விலங்கு போட்ட மனிதர்களை ஏற்றிக்கொண்டு போனார். அந்த வியாபாரத்தைக் கண்டித்து அவர் அச்சில் எழுதினது 1788இல்தான். அதற்குள் முப்பத்து நான்கு வருடம் போய்விட்டது. ஓல்னி போதகர் வீட்டில் அவருடைய படிப்பறைக் கணப்பு அடுப்புக்கு மேலே இரண்டு வசனங்களை எழுதி வைத்திருந்தார். ஒன்று உபாகமம் 15:15, எகிப்தில் நீ அடிமையாயிருந்ததையும் கர்த்தர் உன்னை மீட்டதையும் நினை என்பது. பிரசங்கம் எழுத உட்காரும்போதெல்லாம் அதுதான் கண்ணில் படும். அடிமைகளை விற்றவருக்கு அந்த வசனம் எவ்வளவு கனமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவருடைய சபையில் நிறையப் பேர் வீட்டில் உட்கார்ந்து லேஸ் பின்னிப் பிழைத்தவர்கள், ஏழைகள். அவர்களுக்காகப் பிரசங்கத்தோடு பாடுவதற்கென்று பாட்டு எழுதினார். அவருடைய நண்பர், கவிஞர் வில்லியம் கூப்பரும் எழுதினார். 1779இல் இரண்டு பேருடைய பாட்டுகளும் சேர்ந்து 348 பாட்டுகளாக ஓல்னியின் பேரிலேயே புத்தகமாக வந்தன. உலகமே இன்றைக்குப் பாடும் அந்தக் கிருபைப் பாட்டு 1773 ஜனவரி 1 அன்று, வருடப்பிறப்பு ஆராதனைக்காக எழுதப்பட்டது. அன்றைய வசனம் 1 நாளாகமம் 17:16, 17. நம்ம தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள்: "தேவரீர் என்னை இதுவரைக்கும் கொண்டுவந்ததற்கு, நான் எம்மாத்திரம்? என் வீடும் எம்மாத்திரம்?" டிசம்பர் 31 இரவு நம்ம ஆலயங்களில் நன்றி சொல்லும்போது "இதுவரைக்கும் நடத்தினீரே" என்று எத்தனை பேர் அழுகிறோம்! அதே வார்த்தை, ஏறக்குறைய அதே நேரம். இன்று நாம் பாடும் மெட்டு அப்போது கிடையாது, அது 1835இல் அமெரிக்காவில்தான் அந்தப் பாட்டோடு சேர்ந்தது.

அந்தக் காலை ஆராதனையில் கூப்பரும் இருந்தார். அதற்கடுத்து அவருக்கு மனநோய் கடுமையாகத் தாக்கியது. தேவன் என்னைக் கைவிட்டார் என்று முழுமனதாக நம்பத் தொடங்கிவிட்டார். நியூட்டன் அவரைப் போதகர் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்து ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்துப் பார்த்துக்கொண்டார். கிருபையைப் பற்றிய பாட்டைவிட அந்த ஒரு வருடம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கூப்பர் வாழ்ந்த வீடு இன்றைக்கு அருங்காட்சியகமாக இருக்கிறது, சந்தைத் திடலிலேயே. ஓட்டத்துக்கு வருகிறவர்கள் ஆலய முற்றத்தில் நியூட்டன் கல்லறையையும் பார்த்துவிட்டுப் போங்கள். 1807இல் லண்டனில் இறந்து அங்கேயே புதைத்தவரை 1893இல் ஓல்னிக்குக் கொண்டுவந்தார்கள்.

---

ஜெபவீரன்
14 ஜனவரி 2026, காலை 6.50

பழையஏடு தம்பி, நன்றி. 1754 வரைக்கும் என்பது எனக்குத் தெரியாது. நானே பல தடவை புயலோடு சாட்சியை முடித்திருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன்.

என் கேள்வி இன்னும் நிற்கிறது. முடிச்சுப் போட்டவர் 1948இல் இருந்தார், சரி. இன்றைக்கு அந்தக் கயிற்றை யார் பிடித்திருக்கிறார்கள்?

---

வடமராட்சி
14 ஜனவரி 2026, இரவு 9.55

நான் ஓல்னிக்காரன் இல்லை. கிழக்கே வேறொரு சின்ன டவுனில் இருக்கிறோம். பருத்தித்துறையில் மெதடிஸ்த சேர்ச்சில் வளர்ந்தவன்.

முதலில் இருந்த இடத்தில் ஆறு மாதம் ஒரு சேர்ச்சுக்குப் போனோம். ஒருவரும் பெயர் கேட்கவில்லை. கடைசி வரிசையில் இருந்து கடைசிப் பாட்டோடு எழும்பி வருவோம். மனிசி ஒரு நாள், "இனி வீட்டிலேயே ஜெபிப்போம்" என்று சொல்லிவிட்டா. இங்கே மாறி வந்த பிறகும் போக மனம் வரவில்லை.

பிறகு டிசம்பரில் பள்ளிக்கூடத்திலிருந்து மகன் ஒரு கடிதம் கொண்டுவந்தான், கிறிஸ்டிங்கிள் ஆராதனைக்குப் பிள்ளைகள் வரலாம் என்று. என்னவென்று பார்க்கப் போனோம். ஒரு மேசையில் கூடை கூடையாகத் தோடம்பழம், ஆரஞ்சைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தானே செய்ய வேண்டும். பழம்தான் உலகம். சுற்றிவரச் சிவப்பு ரிப்பன் கட்டினால் அது இயேசுவின் இரத்தம். நாலு குச்சியில் முந்திரிகைவற்றலும் இனிப்பும் குத்தினால் அவை பூமியின் பலன்களும் நாலு பருவங்களும். நடுவில் மெழுகுதிரி. மகனுக்கு ரிப்பன் ஒட்டவில்லை. முன்பின் தெரியாத ஒரு வயதான ஐயா குனிந்து, தன்னுடைய பெருவிரலால் ரிப்பனை அமத்திப் பிடித்துக்கொண்டு, "நீ இப்போது ஊசியைக் குத்து" என்று சொன்னார். அப்படித்தான் எங்களுடைய பெயரை முதன்முதலாக ஒருவர் கேட்டார்.

பிறகு விளக்குகளை அணைத்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளும் மெழுகுதிரியோடு சேர்ச்சைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். தோடம்பழம் சூடாகிற வாசம் இருக்கிறதே, அது இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

இது ஆங்கிலேயருடைய பழைய வழக்கம் என்று நினைத்தேன். இல்லை. 1747இல் ஜெர்மனியில் மரியன்போர்ன் என்ற இடத்து மொராவியச் சபையில், பிள்ளைகளுக்கு மெழுகுதிரியும் சிவப்பு ரிப்பனும் கொடுத்ததில் தொடங்கியது. இங்கிலாந்துச் சபைக்கு அது 1968இல்தான் வந்தது, லிங்கன் பேராலயத்தில், பிள்ளைகள் நல நிதிக்காக. வெளியிலிருந்து வந்த வழக்கத்தை இந்த ஊர் இவ்வளவு ஆசையாகத் தன்னுடையதாக எடுத்திருக்கிறது. அப்படியென்றால் வெளியிலிருந்து வந்த எங்களுக்கும் இடம் இருக்குந்தானே.

அறுவடைப் பண்டிகையும் அப்படித்தான். கார்ன்வாலில் மோர்வென்ஸ்டோ என்ற ஊர்ப் போதகர் ராபர்ட் ஹாக்கர் 1843இல் தொடங்கி வைத்தது. எங்கள் டவுனில் வயல் வேலை செய்கிறவர்கள் இப்போது சிலர்தான். ஆனால் பீடத்தில் கோதுமைக் கதிர்க்கட்டுப் போலச் சுட்ட ஒரு பெரிய பாண், அதாவது ரொட்டி, வைப்பார்கள், அதில் மாவாலேயே செய்த ஒரு குட்டி எலியும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் எலியைத் தேடி முன்னுக்கு ஓடுவார்கள். பாணைச் சுற்றி பீன்ஸ் டின், பாஸ்தா, தேயிலைப் பெட்டி. திங்கட்கிழமை எல்லாம் உணவு வங்கிக்குப் போய்விடும்.

---

பாளைப்பொண்ணு
14 ஜனவரி 2026, இரவு 10.20

அண்ணா, எங்கள் பக்கம் அறுப்பின் பண்டிகையில் ஏலம் விடுவார்களே! ஒரு பூசணிக்காய், ஒரு கோழி, ஒரு குலை வாழைப்பழம் என்று ஆளாளுக்கு விலையை ஏற்றிக்கொண்டே போவார்கள். என் தாத்தா ஒரு தடவை தான் கொடுத்த சேவலைத் தானே ஏலத்தில் எடுத்து வந்தார். அது இங்கிருந்து வந்த மிஷனரிமார் கொண்டுவந்த பண்டிகை என்று தெரியும், ஆனால் இங்கே இப்போதும் நடக்கிறது என்று தெரியாது.

---

பழையஏடு
15 ஜனவரி 2026, மதியம் 1.05

மிஷனரி என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. ஓல்னியில் பேதுரு பவுல் ஆலயம் மட்டுமல்ல, ஒரு பாப்டிஸ்ட் சபையும் உண்டு. அதன் போதகர் ஜான் சட்கிளிஃப், 1784இல் ஓர் அழைப்பு விடுத்தார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை சபைகள் கூடி எழுப்புதலுக்காகவும் உலகமெங்கும் சுவிசேஷம் பரவுவதற்காகவும் ஜெபிக்க வேண்டும் என்பது அந்த அழைப்பு. செருப்புத் தைக்கும் ஓர் இளைஞர் அந்தச் சபையில் சேர்ந்து, சபையார் முன்னால் பிரசங்கம் செய்து காட்டி, 1786இல் ஊழியத்துக்கு அனுமதி வாங்கினார். வில்லியம் கேரி. 1793இல் வங்காளத்துக்குக் கப்பலேறினார், செராம்பூர் கேரி அவர்தான்.

---

ஜெபவீரன்
15 ஜனவரி 2026, மாலை 7.15

மாதத்தின் முதல் திங்கள் ஜெபக்கூட்டம் எங்கள் சபையிலும் இருக்கிறது. எங்கே தொடங்கியது என்று நான் கேட்டதே இல்லை. யோசிக்கிறேன்.

---

ஊஸ்கரை
16 ஜனவரி 2026, இரவு 11.48

இரவுப் பணி இருந்ததால் இரண்டு நாள் வர முடியவில்லை. எல்லாருக்கும் நன்றி. வடமராட்சி அண்ணா, அந்தப் பெருவிரலைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஜெபவீரன் அண்ணா, நீங்கள் கேட்டதைத் தள்ளிவிட மாட்டேன். மறுநாள் சாம்பல் புதனுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டீர்கள். கொஞ்சப் பேர்தான். முந்தின நாள் தெருவில் நின்ற கூட்டத்தோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கொஞ்சப் பேரில் எனக்கு முன்னால் ஓடின பெண் ஒருவர் இருந்தார். முழங்காலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, ஓடும்போது விழுந்திருக்கிறார். போதகர் அவருடைய நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டு, நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்று சொன்னார். அடுத்தது நான். திரும்பி வரும்போது அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பேசவில்லை. நெற்றியில் தேய்த்த கரியோடு இருட்டில் இரண்டு பேரும் கார் நிறுத்தம் வரை நடந்தோம்.

அவர் வழக்கமாக ஆலயத்துக்கு வருகிறவர் இல்லை. எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை. ஓடினதால் வந்தார் என்று மட்டும் எனக்குத் தெரியும். ஓட்டம் இல்லாதிருந்தால் அந்தப் புதன்கிழமை அவரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா 2024 நவம்பரில் போய்விட்டார்கள். டிக்கெட் கிடைத்து நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்க ஆராதனையைப் பணியிடத்து ஓய்வறையில் போனில் பார்த்தேன். இங்கே லெந்தின் நான்காம் ஞாயிறு தாய்மார் ஞாயிறு. போன வருடம் அது மார்ச் 30. அன்றைக்குப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்காமல் கடைசியில் போனேன். ஆராதனை நடுவில் பிள்ளைகள் சின்னச் சின்னப் பூங்கொத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள், எல்லாம் மஞ்சள் டாஃபடில். அம்மாக்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன், எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆறேழு வயசுப் பையன் ஒருவன் என் முன்னால் நின்றுவிட்டான். நான் நிமிர்ந்து பார்க்கும் வரை நகரவில்லை. எல்லாப் பெண்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். தண்டில் சுற்றின வெள்ளித்தாள் ஈரமாக இருந்தது, அவன் கையிலேயே நேரமாகப் பிடித்திருந்திருக்கிறான். அந்தப் பூவை அம்மா படத்துக்கு முன்னால் வைத்தேன், ஒரு வாரம் வாடவில்லை.

கயிற்றை இன்றைக்கு யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டீர்கள் இல்லையா? முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து அத்தனை தண்டுக்கும் வெள்ளித்தாள் சுற்றினவர்கள் யாரோ, அவர்கள்தான். போன லெந்திலிருந்து நானும் அந்த மேசையில் உட்காருகிறேன். குருத்தோலை ஞாயிறுக்கு முன்னால் சிலுவைகளை எண்ணி அடுக்கினேன், நவம்பரில் போர் நினைவு ஞாயிறுக்குப் பாட்டுத்தாள் மடித்தேன், டிசம்பரில் தோடம்பழத்துக்கு, நாங்கள் ஆரஞ்சு என்போம், ரிப்பன் வெட்டினேன். அந்த முதல் ஞாயிறன்று நான் பார்த்த நரைத்த தலைகள்தான் அந்த மேசையைச் சுற்றி இருப்பவர்கள். எண்ணிக்கை குறைவு. நீங்கள் சொல்வது அந்த மட்டில் சரி. அதனால்தான் வரச் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

---

ஜெபவீரன்
17 ஜனவரி 2026, காலை 6.20

சகோதரி, உங்கள் தாயாரைக் கர்த்தருடைய சமுகத்தில் நினைத்துக்கொண்டேன். பிப்ரவரி 17ஆம் தேதி, ஓட்டத்தன்று, எனக்கு வேலை இருக்கிறது, வர முடியாது. 18 சாயங்காலம் வரலாமா? ஆராதனை எத்தனை மணிக்கு?

---

ஊஸ்கரை
17 ஜனவரி 2026, காலை 9.05

தாராளமாக வாருங்கள் அண்ணா. நேரம் அறிவிப்பில் வந்ததும் இங்கேயே போடுகிறேன். ஓல்னியில் ரயில் நிலையம் கிடையாது. மில்டன் கீன்ஸ் வரைக்கும் ரயிலில் வந்தால் என் கணவர் காரில் வந்து கூட்டிக்கொள்வார். ஆராதனை முடிந்து எங்கள் வீட்டில் கஞ்சி.

17ஆம் தேதி வருகிறவர்கள் பதினொரு மணிக்கு முன்னாலேயே வந்துவிடுங்கள், ஓடும் பாதையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். நல்ல குளிர் இருக்கும், தொப்பி வேண்டும். ஓட்டம் முடிந்ததும் கூட்டத்தோடு கிளம்பிவிடாமல் உள்ளே வாருங்கள். நியூட்டன் எழுதின பாட்டை அவர் ஊழியம் செய்த ஆலயத்திலேயே பாடலாம்.

---

பாளைப்பொண்ணு
17 ஜனவரி 2026, காலை 9.31

அக்கா, ஒரு விஷயம். நாங்கள் குடிவந்தது ஓல்னிக்குத்தான். எழுதக் கூச்சமாக இருந்தது. நவம்பர் 14ஆம் தேதி சாவி வாங்கினோம். பிப்ரவரி 17க்கு மூன்று மாதம் ஆகிவிடும் இல்லையா?

---

ஊஸ்கரை
17 ஜனவரி 2026, காலை 9.34

ஆகிவிடும், மூன்று நாள் மிச்சமே இருக்கிறது! பெயர் கொடுக்க நானே கூட்டிக்கொண்டு போகிறேன். என்னிடம் ஏப்ரன் இரண்டு இருக்கிறது. தவா மட்டும் கனமில்லாததாகப் பார்த்து எடுத்துக்கொள். எந்தத் தெரு என்று தனிச்செய்தியில் சொல்லு, இன்றைக்கே வருகிறேன்.